அரிசியும் இறப்பரும்: செல்வ நாடுகளும் வறிய நாடுகளும் பற்றிய ஒரு நோக்கு

திருக்கேதீச்சரத் திருத்தலத்தை அணைந்து கிடக்கும் மாதோட்டத்து மண்மேட்டினை 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அகழ்ந்த தொல்பொருளறிஞர், சீன நாட்டுப் பீங்கான் துண்டங்களையும் பாரசீகக் குடாப் பகுதியில் வனையப்பட்ட மட்கலத் துண்டங்களையும் அங்கே ஒருசேரக் கண்டெடுத்தனர். கீழ்த்திசைக் கப்பலும் மேற்றிசைக் கப்பலும் வந்து கூடிப் பண்டம் மாற்றிக்கொண்ட பெருந்துறையாக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இக்கரை விளங்கிற்று என்பதற்கு அவை சான்று. அதே மன்னார்க் கரையிலிருந்து 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அரிசிக்கும் பால்மாவுக்கும் விலை கொடுக்க இயலாத குடும்பங்கள் சில, குழந்தைகளையும் ஏந்திக்கொண்டு படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தன. மண்ணெண்ணெய் இன்மையால் மீன்பிடி படகுகள் கரையேறிக் கிடந்தன.

அந்நாட்களில் வகுப்பறையில் ஒரு மாணவி என்னை நோக்கி, “சேர், நாங்கள் நெல்லும் விளைவிக்கிறம், மீனும் பிடிக்கிறம், மலையிலே தேயிலையும் இருக்குது. பிறகேன் எங்கட நாடு ஏழை நாடு?” என்று வினவினாள். அவளுக்கு யான் மறுமொழி கூறுமுன் பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன், “எங்கட நாட்டின்ர பெயரிலேயே சோசலிசம் எண்டு இருக்குதே, சேர், அப்ப எல்லாருக்கும் சமமாக் கிடைக்க வேணுமே?” என்றான். பாடநூலில் உள்ளதைக் கூறி அன்று அவ்விருவரையும் அமரச் செய்தேன். ஆயினும் அவர்கள் கேட்டவை இரு வினாக்கள் அல்ல, ஒரே வினாவின் இரு பக்கங்களே என்பது பின்னரே எனக்குப் புலனாயிற்று. பெரியமடுவில் இருந்துகொண்டு அவ்வினாவுக்கு விடை காண யான் செய்த முயற்சியே இக்கட்டுரை.

சோசலிசம் எனப்படும் சமவுடைமைக் கொள்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் ஆலை நகரங்களிற் பிறந்தது. நிலம், ஆலை, சுரங்கம் முதலிய உற்பத்திச் சாதனங்கள் தனியொருவரின் உடைமையாக இராது சமுதாயத்தின் உடைமையாதல் வேண்டும். உழைப்பின் பயன் உழைப்போரைச் சேர்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அக்கொள்கையை முதலில் வகுத்தோரின் கண்முன் நின்றவர் ஒரே நாட்டிற்குள் வாழ்ந்த முதலாளியும் தொழிலாளியுமே. இருபதாம் நூற்றாண்டிலோ பிறிதொரு காட்சி தோன்றிற்று. நாடுகளே செல்வர் எனவும் வறியர் எனவும் இரு வகுப்பாகப் பிரிந்து நின்றன. செல்வ நாட்டுத் தொழிலாளியின் ஒருநாட் கூலி, வறிய நாட்டுத் தொழிலாளியின் ஒரு மாதக் கூலியினும் மிக்கிருத்தல் கூடும் என்ற நிலை வந்தது. ஆகவே, ஒரு நாட்டிற்குள் உடைமையைப் பொதுவாக்கினால் மட்டும் நாடுகளுக்கிடையேயுள்ள ஏற்றத்தாழ்வு நீங்குமா என்ற கேள்வி எழுவது இயல்பே.

நாடுகள் வறுமையுற்றிருப்பதற்கு மக்கள் வழக்கமாகக் கூறும் காரணங்கள் இரண்டு. வறிய நாட்டார் சோம்பேறிகள், அல்லது அவர் நிலம் வளமற்றது என்பது ஒன்று. விடியுமுன் வள்ளம் தள்ளும் மீனவனையும், பனியில் நனைந்து கொழுந்து பறிக்கும் பெண்ணையும் அறிந்தோர் இதனை ஏலார். செல்வ நாடுகள் நம்மைக் கொள்ளையிட்டன என்பது மற்றொன்று. இதில் வரலாற்றுண்மை பெரிதும் உண்டு. ஆயினும் ஆட்சி நம் கைக்கு வந்த பின்னரும் அந்த ஏற்றத்தாழ்வு ஏன் நீடித்தது என்பதை அது முற்றும் விளக்கவில்லை. விளக்கத்தைக் கைப்பற்றலிற் காண்பதிலும், நாள்தோறும் அமைதியாக நடைபெறும் மாற்றலிற் காண்பதே பொருத்தமாகும்.

நம் கரையிலிருந்தே எடுத்துக்காட்டுக் கூறலாம். மீனவன் தான் பிடித்த மீனுக்குத் தானே விலை சொல்வதில்லை. அழுகும் பண்டத்தை வைத்திருந்து விற்க அவனால் இயலாது. கரையில் நிற்கும் வியாபாரி சொல்வதே விலை. அவன் படகிற்கு வேண்டிய இயந்திரத்துக்கோ, அதனைச் செய்த பிறநாட்டுக் கம்பனி சொல்வதே விலை. விற்கும்போதும் பிறர் விலை. வாங்கும்போதும் பிறர் விலை. சென்ற ஆண்டில் நூறு கிலோ மீனுக்குக் கிடைத்த இயந்திர உறுப்பு இவ்வாண்டில் நூற்றைம்பது கிலோ மீனுக்கே கிடைக்குமாயின், அவன் உழைப்புக் குறையாதிருந்தும் அவன் வறியனாகின்றான். நாடுகளின் மட்டில் இக்கணக்கையே பொருளியலார் வாணிப மாற்று விகிதம் என்பர். ஏற்றுமதியாகும் பண்டம் ஓரளவு கொடுத்து இறக்குமதியாகும் பண்டம் எவ்வளவு பெறலாம் என்பதே அவ்விகிதம்.

1950ஆம் ஆண்டளவில் ஆர்ஜன்ரீன அறிஞர் றாவுல் பிரேபிஷ், ஜெர்மனியிற் பிறந்த பொருளியலறிஞர் ஹான்ஸ் சிங்கர் ஆகிய இருவரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிபிற்கு வந்தனர். மூலப்பொருள்களையும் உணவுப்பொருள்களையும் விற்று, கைத்தொழிற் பண்டங்களை வாங்கும் நாடுகளுக்கு இம்மாற்று விகிதம் நெடுங்காலப் போக்கிற் பாதகமாகவே செல்கின்றது என்பது அவர்தம் முடிபு. அதற்கு அவர் காட்டிய காரணங்கள் எளியவை. வருவாய் இரட்டித்த ஒருவன் இரண்டு வானொலிப் பெட்டிகள் வாங்குவான். ஆனால் இருமடங்கு தேநீர் பருகான். இறப்பர் விலை ஏறினால் ஆலைகள் செயற்கை இறப்பரை நாடும். மேலும், செல்வ நாட்டு ஆலையில் ஒரு புதிய பொறி உற்பத்தியைப் பெருக்கினால், வலிமை வாய்ந்த தொழிற்சங்கமும் கம்பனியும் அப்பயனைக் கூலியாகவும் இலாபமாகவும் தமக்கே வைத்துக்கொள்ளும். வறிய நாட்டுத் தோட்டத்தில் விளைச்சல் பெருகினாலோ விலை வீழ்ந்து, பயன் தொலைவிலுள்ள நுகர்வோர்க்குச் சென்றுவிடும். இக்கொள்கையை மறுத்துரைத்த பொருளியலாரும் உளர். எல்லாப் பண்டத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் அது பொருந்தாது என்பதும் உண்மையே. எனினும் தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றனையே நம்பியிருந்த இலங்கைக்கு அது பெரிதும் பொருந்திற்று.

இந்நிலைமையை மாற்ற இயலுமா என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே அரியதொரு சோதனை உண்டு. அது 1952ஆம் ஆண்டு இலங்கை சீனாவுடன் செய்துகொண்ட அரிசி இறப்பர் ஒப்பந்தமாகும்.

1950ஆம் ஆண்டு மூண்ட கொரியப் போர் இறப்பர் விலையை வானளாவ உயர்த்திற்று. 1952இலோ அவ்விலை சரிந்தது. அதே வேளையில் அரிசி உலகெங்கும் அரிதாகி விலையேறிற்று. உண்ணும் அரிசியிற் பெரும்பங்கினைக் கடல்கடந்து வாங்கிய இலங்கை, விற்கும் பண்டத்தின் வீழ்ச்சிக்கும் வாங்கும் பண்டத்தின் ஏற்றத்துக்கும் இடையில் நசுங்கிற்று. கூப்பன் அரிசியை மலிவு விலையில் வழங்கிவந்த அரசாங்கத்தின் கைப்பணம் கரைந்தது. அரிசி பெறுதற்கும் இறப்பருக்கு நல்ல விலை பெறுதற்கும் அமெரிக்காவுடன் நடத்திய பேச்சுக்கள் விரும்பிய பயனைத் தரவில்லை. மறுபுறம், சீனா இறப்பருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. போர்த்தளவாடப் பொருள்களைச் சீனாவுக்கு விற்றலாகாதென ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதத்தில் தீர்மானித்திருந்தமையால், மலாயாவின் இறப்பர் அதற்குக் கிட்டவில்லை. இலங்கையோ அச்சபையில் அந்நாள் உறுப்புரிமை பெற்றிலது. 1955 டிசெம்பரிலேயே அது உறுப்பு நாடாயிற்று.

இவ்விரு தேவைகளும் சந்தித்தன. வாணிப அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் சென்று பேசினார். 1952 டிசெம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி, ஆண்டுதோறும் சீனா 270,000 தொன் அரிசி தரும். இலங்கை 50,000 தொன் இறப்பர் தரும். இறப்பருக்கு உலகச் சந்தையினும் மிக்க விலையைச் சீனா கொடுத்தது. அரிசியையோ இலங்கை மற்றோரிடம் வாங்கும் விலையினும் குறைந்த விலைக்குப் பெற்றது.

இதிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவ்வொப்பந்தத்தைச் செய்தது சமவுடைமை அரசாங்கம் அன்று. டட்லி சேனநாயக்கவைப் பிரதமராகக் கொண்ட ஐக்கிய தேசியக் கட்சி, பொதுவுடைமையை வெளிப்படையாக எதிர்த்த கட்சி. சீனாவுடன் தூதுவர் பரிமாற்றந்தானும் 1957இலேயே ஏற்பட்டது. அமெரிக்கச் சட்டம் காரணமாக அந்நாட்டின் பொருளுதவி 1956 வரை இலங்கைக்குக் கிட்டாது போயிற்று. இவற்றை அறிந்தும் அவ்வரசாங்கம் கையொப்பமிட்டது. கொள்கையைவிடச் சோற்றுப்பானை வலிது என்று இதனை எள்ளுவோரும் உளர். யான் அவ்வாறு கருதேன். சிறிய நாடு ஒன்று, தான் விற்பதற்கும் வாங்குவதற்கும் இடையேயுள்ள விகிதத்தைச் சந்தையின் போக்கிற்கு விட்டுவிடாது, எதிரில் அமர்ந்து பேசித் தீர்மானித்த நிகழ்ச்சி இது. விலை என்பது மழைபோல் வானிலிருந்து வீழ்வதன்று. இருவருடைய தேவையும் வலிமையும் கூடி அமைப்பது என்பதை அது மெய்ப்பித்தது.

ஆயினும் அதன் எல்லையையும் நேர்மையாகக் கூறல் வேண்டும். சீனா கூடிய விலை கொடுத்தது அன்பினால் மட்டுமன்று; வேறு வழி இல்லாமையாலுமாம். பிறநாட்டு இறப்பர் கிட்டத் தொடங்கியதும் அவ்வுயர்விலை நிலைக்கவில்லை. 1957இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது அதற்கு ஈடாக இறப்பர் மீள்நடுகைக்கு உதவி கிடைத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை ஒப்பந்தம் நீடித்தது உண்மையே. ஆனால் முதல் ஐந்தாண்டின் பெரும்பேறு மீளவில்லை. வாங்குவோன் சமவுடைமை நாட்டினன் என்பதனாலேயே விற்போனுக்கு நியாய விலை கிடைத்துவிடாது. இதனைச் சமவுடைமையாளர் ஒருவரே துணிந்து கூறினார். 1959 ஆகஸ்டில் கியூபாவின் வாணிபத் தூதுக்குழுவுடன் இலங்கைக்கு வந்து ஹொரணையிலுள்ள இறப்பர்த் தோட்டம் ஒன்றைப் பார்த்துச் சென்ற சே குவேரா, 1965 பெப்ரவரியில் அல்ஜியேசு நகரிற் பேசுகையில், சமவுடைமை நாடுகளும் உலகச் சந்தை விலையிலேயே வறிய நாடுகளுடன் வாணிபம் செய்யுமாயின் அவையும் ஒருவகையிற் சுரண்டலுக்கு உடந்தையாகின்றன என்னும் கருத்தை வெளியிட்டார். அவர் பிற செயல்களை ஏற்றாலும் ஏலாவிடினும், அக்கருத்தின் நேர்மையை மறுத்தல் அரிது.

தனித்து நின்று பேசுவதிலும் கூடி நின்று பேசுதல் வலிதன்றோ? 1964ஆம் ஆண்டு ஜெனீவாவிற் கூடிய ஐக்கிய நாடுகள் வாணிப அபிவிருத்தி மாநாட்டில் வறிய நாடுகள் எழுபத்தேழு ஓரணியாயின. அம்மாநாட்டமைப்பின் முதற் செயலாளர் நாயகம் முன்னர்க் கூறிய பிரேபிஷ். 1974 முதல் பத்தாண்டுகள் அப்பதவியை வகித்தவர் இலங்கையரான கலாநிதி கமனி கொரயா. மூலப்பொருள்கள் மலியும்போது வாங்கிக் களஞ்சியப்படுத்தி, அரிதாகும்போது விற்று விலையை நிலைப்படுத்தும் திட்டமொன்று 1976இல் நைரோபியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கான பொது நிதியத்தின் ஒப்பந்தம் 1980இல் முடிவாகியும் 1989இலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்குள் எண்பதுகளின் கடன் நெருக்கடி வறிய நாடுகளின் ஒற்றுமையை உலர்த்திவிட்டது. செல்வ நாடுகளின் தயக்கம் ஒரு காரணம். வறிய நாடுகளின் போட்டி மற்றொரு காரணம். தேயிலையையே நோக்குக: பழைய உற்பத்தி நாடுகளாகிய இந்தியாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த விரும்பியபோது, புதிதாகப் பயிரிடத் தொடங்கிய கிழக்காபிரிக்க நாடுகள் தம் வளர்ச்சி தடைப்படுமென அஞ்சின. இரு சாராரும் வறியர். இரு சாராரிடத்தும் நியாயம் இருந்தது.

இதனாலாய விளைவு யாது? 1965இல் இலங்கை உலகிலேயே மிகுதியாகத் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடாக உயர்ந்தது. அதே 1965இல் வெளிநாட்டுச் செலாவணி இன்றி முதன்முறையாகச் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவி ஏற்பாட்டை நாடிற்று. உழைப்பில் முதலிடம், கையிற் பணமின்மை ஆகிய இரண்டும் ஓராண்டிலே கூடின. என் மாணவியின் வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். நாடுகளுக்கிடையே நிகழும் அநீதியைப் பேசுவோர் தம் நாட்டிற்குள் நிகழ்வதை மறந்துவிடுதல் எளிது. சீன அரிசி வந்திறங்கிய 1953ஆம் ஆண்டிலேயே, கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடு நிலைகுலைந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தன. ஒக்டோபரிற் பிரதமர் பதவி விலகினார். நாட்டின் மாற்று விகிதம் திருந்தினாலும், அப்பயன் ஏழையின் உலைக்கு வந்துசேரும் வழி தனியே காக்கப்படல் வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

1970 முதல் 1977 வரை ஆண்ட கூட்டு முன்னணி அரசாங்கத்திற் சமவுடைமை வெளிப்படையான குறிக்கோளாயிற்று. சமசமாசக் கட்சியின் கலாநிதி என்.எம். பெரேரா நிதியமைச்சராகவும், கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்ட அமைச்சராகவும் அமர்ந்தனர். 1972ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் மிகைநிலத்தையும், 1975ஆம் ஆண்டின் திருத்தம் பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்கள் உட்படக் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கின. உடைமையாளர் மாறினர், ஆனால் உலகச் சந்தை மாறவில்லை. 1973இல் எண்ணெய் விலையும் உணவு விலையும் ஏற, இறக்குமதி நெரிக்கப்பட்டது. அவ்விறக்குமதித் தடையினால் வடபகுதியில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டோர் செழித்தனர். மண்வீடு கல்வீடான காலம் என்று அதனை நம் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அதே காலத்தில் மலையகத் தோட்டங்களிற் பட்டினியால் மக்கள் மடிந்தனர். ஒரே கொள்கை, ஒருவருக்கு ஊதியம், ஒருவருக்கு உயிரிழப்பு. நாம் முன்னையதை மட்டும் நினைவிற் கொள்வது நேர்மையாகாது.

அத்தோட்ட மக்கள் இந்நாட்டிற்கு வந்த வழி நம் மன்னாரே. கோப்பிக் காலத்தில் இக்கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறினர். 1914இல் தலைமன்னாருக்குக் கப்பலும் புகைவண்டியும் இணைந்தபின் அவ்வழியே வந்தனர். நாட்டின் செலாவணியிற் பெரும்பங்கினை ஈட்டித் தந்த அவர்களைக் குடியுரிமையற்றோராக்கியது 1948ஆம் ஆண்டின் சட்டம். 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் பல்லாயிரவர் அதே தலைமன்னாரிற் கப்பலேறினர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே வந்தது. தோட்டம் பொதுவுடைமையான நாளில், அத்தோட்டத்தில் உழைத்தோர் பலர் அந்தப் பொதுவில் ஒருவராக எண்ணப்படவில்லை. சமவுடைமைக்கு நேர்ந்த குறை பணத்தட்டுப்பாடு மட்டுமன்று. யார் யார் சமம் என்ற கணக்கிலேயே பிழை இருந்தது. 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்துவிடப்பட்டது; வெங்காய, மிளகாய் விலைகளும் வீழ்ந்தன. அதற்கு அடுத்த ஆண்டின் யாப்பிலேதான் நாடு சனநாயக சோசலிசக் குடியரசு என்னும் பெயரைச் சூடிற்று என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று. பெயர் வந்த நேரம், பொருள் விடைபெற்ற நேரமாயிற்று.

ஆகவே, எந்தக் கொள்கையையும் இரு கேள்விகளால் அளத்தல் வேண்டும் என்பது என் துணிபு. நாம் கொடுப்பதற்கும் பெறுவதற்கும் இடையேயுள்ள விகிதத்தைப் பேசித் திருத்த அது நாட்டிற்கு வலிமை தருகின்றதா? திருத்திப் பெற்ற பயன், அதனை விளைவித்த கடைசி மனிதன் வரை செல்கின்றதா? முதற்கேள்வியை மட்டும் கேட்போர் பிறநாட்டைப் பழித்து அமைவர். இரண்டாவதை மட்டும் கேட்போர் ஒழிந்த பானையைச் சமமாகப் பங்கிட முயல்வர்.

இவை பழங்கதைகள் அல்ல. 2021 டிசெம்பரில் இலங்கை, ஈரானிடம் முன்னர் வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்கவேண்டிய 251 மில்லியன் டொலர் கடனை, மாதம் ஐந்து மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாற் கழிப்பதென உடன்பட்டது. நான்கு மாதங்களில், 2022 ஏப்ரலில், தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அறிவித்தது. 2023 மார்ச்சில் நாணய நிதியத்துடன் ஏற்பட்ட ஏற்பாடு, 1965இல் தொடங்கிய வரிசையிற் பதினேழாவது. மாதோட்டத்து மண்ணிற் புதைந்துள்ள ஓடுகளுக்குரிய அதே திசைகளுடன் இன்றும் பண்டம் மாற்றுகின்றோம். ஆனால் அன்று நாம் துறைமுகத்தார், இன்று கடனாளிகள்.

என் மாணவி இப்போது உயர்தர வகுப்பிற் பொருளியல் கற்கின்றாள். சோம்பலும் விதியும் அவள் ஊரை வறுமைப்படுத்தவில்லை என்பதை அவள் அறிதல் வேண்டும். அவ்வாறே, தன் வீட்டிற்கு வந்த வெங்காயக் காசின் மறுபுறத்தில் யார் பசித்திருந்தனர் என்பதையும் அவள் கேட்கப் பழகுதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிப்பது ஆசிரியராகிய நம் கடன். அவள் தலைமுறையினர் கடல்கடந்து செல்வராயின், பசியால் இரவிற் படகேறுவோராக அன்றி, விலை பேசுதற்குச் செல்வோராகச் செல்க.